கதவு மூடாமல் வண்டி நகராது

ஜூன் 23, திங்கள்

ஜெயித்தாயிற்று! பொது மேலாளர் மத்தியானம் தலையாட்டிவிட்டார். இனி எங்கள் 12-பி தடத்தில், அதாவது ஜங்ஷனிலிருந்து வண்ணார்பேட்டை, பாளை வழியாகக் கல்லூரி வரை, கதவை மூடாமல் வண்டி நகராது. ஜூலை முடியும்வரை சோதனை. சரியாக நடந்தால் எங்கள் பணிமனையின் எல்லாத் தடங்களுக்கும் இதே விதி.

"ஜெயகனி மேடம், ஒரு ட்ரிப்பும் குறையக் கூடாது, ஒருத்தருக்கும் அடிபடக் கூடாது. ரெண்டுல ஒண்ணு தப்பினாலும் பழையபடி கயித்தக் கட்டிட்டு வேலையப் பாருங்க" என்றார். 'பாருங்க சார், நடத்திக் காட்டுறேன்' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். வெளியே "சரி சார்" என்றேன்.

கயிறு விஷயத்தை எழுதிவைக்க வேண்டும். எங்கள் வண்டி எல்லாவற்றுக்கும் கதவு உண்டு. டிரைவர் கைக்கெட்டும் தூரத்தில் சுவிட்சும் உண்டு. புது வண்டி வந்த சில நாளிலேயே யாராவது ஒருவர் கதவை மடக்கி, கம்பியோடு சேர்த்துக் கயிற்றால் கட்டிவிடுவார். மூடித் திறந்தால் நேரம் போகுமாம். டிரைவர், கண்டக்டர், மெக்கானிக், கிளை மேலாளராக வந்து உட்கார்ந்த நான் வரைக்கும் எல்லோரும் அந்தக் கயிற்றைத் தினமும் பார்த்தோம். வண்டியோடு வந்த சாமான் மாதிரி அதுபாட்டுக்கு இருந்தது.

போன மாதம் எங்கள் வண்டியிலிருந்து ஒரு பையன் விழுந்தான். ஆஸ்பத்திரிக்குப் போனேன். முழங்காலுக்குக் கீழே போர்வை தட்டையாகக் கிடந்தது. அவன் அம்மா என்னை ஏசவில்லை, அழவுமில்லை. "ஏம்மா, இம்புட்டுப் பெரிய வண்டிக்கு ஒரு கதவு வைக்க மாட்டியளா?" என்று மட்டும் கேட்டாள். கதவு இருக்கிறது என்று எந்த வாயால் சொல்ல?

வீட்டுக்கு வரும் வழியில் சாளைமீன் வாங்கிக் குழம்பு வைத்தேன். அபினேஷ் மூன்று தட்டு சாப்பிட்டான். கல்லூரியில் இரண்டாம் வருஷம், பசி இருக்கத்தான் செய்யும். அவன் அப்பா தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை, ஞாயிற்றுக்கிழமைதான் வருவார். ஆகவே வீட்டில் என் வெற்றியைக் கேட்க இவன் ஒருவன்தான். கேட்டுவிட்டு, "பயலுவ விட மாட்டானுவம்மா" என்றான். நானா விடுவேன்?

ஜூன் 24, செவ்வாய்

எல்லாக் கயிற்றையும் அறுத்துக் குப்பையில் போட்டோம். என்ன ஒரு சந்தோஷம்!

ஜூன் 26, வியாழன்

முதல் நாள். டிரைவர் மாசானமுத்து அண்ணாச்சி எஞ்சினைப் போடும் முன்பே ஆரம்பித்துவிட்டார். "மேடம், ஒவ்வொரு ஸ்டாப்லயும் இத மூடித் தொறந்துட்டு நான் எப்பப் போய்ச் சேர? நாளைக்குத்தான் போய்ச் சேருவேன்."

"நாளைக்கே போய்ச் சேருங்க அண்ணாச்சி. ஏறுன அத்தன பேரும் முழுசாப் போய்ச் சேரணும்" என்றேன். அவர் முணுமுணுத்துக்கொண்டே சுவிட்சைத் தட்டினார். கதவு பெருமூச்சு விட்டு மூடியது.

பாளை தாண்டியதும் கல்லூரிப் பிள்ளைகள் கதவில் டமடமவென்று தட்டினார்களாம். சிலர் கால் கொடுத்து மூட விடவில்லையாம். விதிப்படி அண்ணாச்சி எஞ்சினை அணைத்துவிட்டார். பயணிகள் கூப்பாடு போட்டதும் கால் உள்ளே போனது. நேரம் ஏகத்துக்குப் பிந்தியது. பரவாயில்லை, முதல் நாள்தானே.

சாயந்தரம் துணி துவைத்தேன். அபியின் சட்டைகளில் வலது தோளில் கறுப்பாக ஒரு கறை, மையும் துருவும் கலந்தமாதிரி. சோப்பு, பவுடர், எலுமிச்சை எதற்கும் மசியவில்லை. அந்தக் கல்லூரிப் பெஞ்சுகளில் என்னத்தைப் பூசி வைத்திருக்கிறார்களோ! இவ்வளவு ஃபீஸ் வாங்குகிறவர்கள் ஒரு துணியால் துடைக்கக் கூடாதா?

ஜூன் 28, சனி

என் அடுத்த யோசனையும் பலித்தது. படியில் தொங்குகிற மாணவனின் பெயரைக் கண்டக்டர் குறிப்பார். கல்லூரி முதல்வர் வீட்டுக்குச் சொல்லுவார். பெற்றோர் சனிக்கிழமை பணிமனைக்கு வர வேண்டும். முதல் கூட்டம் இன்று. பத்துப் பதினைந்து பேர் வந்திருந்தார்கள். தூள் கிளப்பிவிட்டேன். "பிள்ளை எப்படிக் காலேஜ் போறான்னு தெரியாம என்ன வளர்ப்பு இது?" என்று நான் கேட்டபோது ஒருவரும் தலையைத் தூக்கவில்லை.

ஒரே ஒரு அம்மாள் தூக்கினாள். சுப்புத்தாய் என்று பெயர், பீடி சுற்றுகிறவள். "காலைல வீட்ட விட்டு எறங்குறதத்தான் மேடம் நாம பாக்கோம். முக்குத் திரும்புன பொறவு அவன் எப்படிப் போறான்னு எந்தத் தாய்க்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்" என்றேன். அடித்துச் சொன்னேன். அவள் உட்கார்ந்துவிட்டாள்.

ஜூன் 30, திங்கள்

கல்லூரி திறக்கும்போது அபிக்கு வாங்கிய ஷூவில் இடது கால் நுனி தேய்ந்து ஓட்டையாகப் போகிறது. வலது ஷூ புதுசு மாதிரி இருக்கிறது. கடைக்காரன் ஜோடி மாற்றித் தலையில் கட்டியிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை போய் நாலு வார்த்தை கேட்கிறேன்.

ஜூலை 2, புதன்

காலையில் வண்ணார்பேட்டை நிறுத்தத்தில் நின்று பார்த்தேன். ஒரு வண்டி பிதுங்கிக்கொண்டு வந்தது. கதவை மூட அண்ணாச்சி பட்ட பாடு சொல்லி முடியாது. ஒரு பெண்ணின் துப்பட்டா சிக்கித் திறந்து, மறுபடி மூடி, மறுபடி திறந்து... அது நகர்ந்த கையோடு பின்னாலேயே இன்னொரு 12-பி வந்தது, உள்ளே கிரிக்கெட் விளையாடலாம். அதன் பிறகு வெகு நேரம் ஒன்றுமில்லை.

சாப்பிடும்போது அபியிடம் இதைச் சொல்லிப் புலம்பினேன். அவன் தோசையைப் பிய்த்துக்கொண்டே சொன்னான்: "மின்ன போற வண்டி ஜங்ஷன்லயே லேட்டாத்தாம்மா எடுக்கும். அதனால ஸ்டாப்ல கூட்டம் சேந்துரும். கூட்டத்த ஏத்த ஏத்த இன்னும் லேட்டாவும். பின்ன வாரவருக்கு ஏத்த ஆளே இல்ல, வெரசா வந்து ஒட்டிக்கிடுவாரு. காலி வண்டி வருதுன்னு தெரிஞ்சா நிப்போம்லா? அது எப்ப வரும்னு எவனுக்கும் தெரியாது. அதான் கெடச்சதுல தொத்திக்கிடுதானுவ."

அசந்துபோனேன். தலைமை அலுவலகத்தில் கூட்டம் போட்டுப் பேசுகிறவர்களுக்கு இவ்வளவு தெளிவு கிடையாது. நண்பனின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து போகிற பிள்ளை, பஸ்ஸை எப்படிக் கவனித்திருக்கிறான் பாருங்கள்! என் புத்தி அப்படியே வந்திருக்கிறது. பைக்குக்காக நான் வாங்கிக் கொடுத்த ஹெல்மெட்டையும் கண்ணாடி மாதிரி வைத்திருக்கிறான், ஒரு கீறல் கிடையாது. அலமாரியில் அதைத் துடைத்து வைத்தேன். பொறுப்பான பிள்ளை.

ஜூலை 4, வெள்ளி

இன்று செய்த வேலை ஒரு மாத வேலை. வண்ணார்பேட்டையில் ஒரு நேரக் காப்பாளரை நிறுத்திவிட்டேன். முன் வண்டி போய்ப் போதுமான இடைவெளி விழுந்த பிறகுதான் பின் வண்டியை விடுவார். காலையில் பணிமனையில் சும்மா நின்ற ஒரு வண்டியைக் கல்லூரி நேரத்துக்கு எடுத்தேன். ஒரு ட்ரிப்புக்குக் கொடுக்கும் ஓட்ட நேரத்தையும் கொஞ்சம் தளர்த்தினேன். அந்த நேரக் கணக்கைப் போட்ட காலத்தில் பாளை ரோட்டில் பாதிக் கடைகள்கூட இருந்திருக்காது. அடுத்த வண்டி எப்போது வரும் என்று நிறுத்தம்தோறும் பலகை வைத்தாயிற்று.

பொது மேலாளர் போனில், "என்ன மேடம், ஓட்ட நேரத்தக் கூட்டுனா ட்ரிப் குறையுமே?" என்றார். "குறையாது சார். கூட்டம் பிரிஞ்சா ஏத்தி இறக்குற நேரம் குறையும். அந்த நேரத்துல கதவ மூடிக்கலாம்" என்றேன். "பார்ப்போம்" என்று வைத்துவிட்டார். எனக்கு அந்த 'பார்ப்போம்' போதும்.

ஜூலை 8, செவ்வாய்

ட்ரிப் ஒன்றுகூடக் குறையவில்லை! மாசானமுத்து அண்ணாச்சியே, "டீயச் சூடாக் குடிக்க முடியுது மேடம்" என்கிறார். அவர் வாயிலிருந்து இது வந்தால் தங்கப் பதக்கம் வந்த மாதிரி.

ஆனால் ஒரு கும்பல் மட்டும் அடங்க மாட்டேன் என்கிறது. உள்ளே இடம் இருக்கும். இருந்தாலும் பின் படியில்தான் நிற்பார்கள், கதவிடுக்கில் பையைத் திணித்து மூட விட மாட்டார்கள். பெயர் கேட்டால் வாய்க்கு வந்ததைச் சொல்கிறார்களாம். அவர்களுக்கு ஒரு தலைவன் உண்டாம். அவன் யார் என்று அண்ணாச்சியிடம் கேட்டேன்.

"அவனா மேடம்... எல்லாப் பயலுவளும் ஒண்ணுபோலத்தான் இருக்கானுவ" என்றார் டயரைப் பார்த்துக்கொண்டு.

"வெள்ளிக்கெழம நானே வண்டில வாரேன். கையும் களவுமாப் பிடிக்கேன்."

"நீங்க எதுக்கு மேடம் மெனக்கெட்டு? இன்ஸ்பெக்டர அனுப்புங்களேன். நீங்க வராண்டாம்."

கண்டக்டர் தங்கப்பழமும் பக்கத்தில் நின்று, "ஆமா மேடம், வெயிலு வேற" என்கிறார். காலை எட்டு மணிக்கு என்ன வெயில்? போன ஆயுத பூஜைக்கு அபியோடு வந்தபோது எனக்கு நாற்காலி போட்டு, அவன் கையில் பொரியும் கடலையும் அள்ளிக் கொடுத்த மனிதர்கள். இன்றைக்கு முகத்துக்கு நேரே பார்க்க மாட்டேன் என்கிறார்கள். பொம்பளை போய்ப் பிடித்துவிட்டால் இவர்களுக்கு மானக்கேடு என்று நினைக்கிறார்கள். அதனாலேயே போகிறேன்.

ஜூலை 9, புதன்

குழாயில் தண்ணீர் வரவில்லை. துவைக்கவில்லை. ஷூக் கடைக்காரன் ஜோடி மாறவே இல்லை என்று சாதிக்கிறான், மூதி.

ஜூலை 11, வெள்ளி

எழுத வேண்டும். எழுதாமல் படுத்தால் தூக்கம் வராது.

சமாதானபுரம் நிறுத்தத்தில் 12-பி-யின் முன் வாசல் வழியாக ஏறினேன். உள்ளே நிற்க வசதியாக இடம் இருந்தது, இரண்டு சீட்கூடக் காலி. அண்ணாச்சி கண்ணாடியில் என்னைப் பார்த்தார். சுவிட்சைத் தட்டினார். முன் கதவு மூடியது, பின் கதவு மூடவில்லை. எஞ்சினை அணைத்தார்.

"ஆபீசுக்கு நேரமாச்சுப்பா, எவம்ல அது?" என்று ஒருவர் கத்தினார். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். படியில் நாலைந்து பேர். கதவுக்கு நடுவே பை. எல்லோருக்கும் வெளியே ஒருவன் ஒற்றைக் கையில் கம்பியைப் பிடித்து, வலது தோளை வண்டியோடு ஒட்டி, இடது காலைத் தரையில் ஊன்றி நின்றான். வண்டி நகர்ந்தால் அந்தக் கால் ரோட்டைத் தேய்த்துக்கொண்டே போகும். முகம் அந்தப் பக்கம் இருந்தது.

அவன் திரும்புவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. பத்தொன்பது வருஷமாகப் பார்க்கிற தோள். சட்டைக் கறை, ஷூ ஓட்டை, கீறல் விழாத ஹெல்மெட் எல்லாம் ஒன்றாக மண்டையில் இறங்கின. வேறு யாராவதாக இருக்கக் கூடாதா என்று வேண்டினேன். வேறு ஒருத்தியின் பிள்ளையாக இருக்கட்டும் என்று வேண்டினேன். அப்படித்தான் வேண்டினேன், என்ன செய்ய?

"உள்ள ஏறு. இல்லன்னா எறங்கு" என்றேன்.

திரும்பினான். முகத்தில் ரத்தம் இல்லை. "அம்மா..." என்றான், உதடு மட்டும் அசைந்தது.

"பேரு?"

"எம்மா..."

"பேரக் கேட்டேன்."

கூட இருந்த பயல்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவன் பையை உருவிக்கொண்டு உள்ளே போய்விட்டான். "அபினேஷ்" என்றான் என் மகன்.

"அப்பா பேரு?"

"செந்தூர்பாண்டி."

தங்கப்பழத்தின் பேனா நகரவில்லை. "மேடம், இது நம்ம..." என்று இழுத்தார். "எழுதுங்க" என்றேன். ஒரு அம்மாள் சீட்டிலிருந்து, "சின்னப் பயதான மேடம், விட்டுருங்களேன்" என்றாள். அபி உள்ளே ஏறினான். கதவு மூடியது. வண்டி நகர்ந்தது. இறங்கும்வரை அவனும் நானும் கைக்கெட்டும் தூரத்தில் நின்றோம். அந்த ஆஸ்பத்திரிக் கட்டிலில் தட்டையாகக் கிடந்த போர்வைதான் கண்ணில் நின்றது.

மத்தியானம் தங்கப்பழம் என் அறைக்கு வந்தார். "பேர அடிச்சிரட்டா மேடம்? கல்லூரிக்கு இன்னும் சொல்லல. மொதல்லயே ஒங்ககிட்டச் சொல்லிருக்கணும். ஒங்க மொகத்தப் பாத்து எப்படிச் சொல்ல?"

வேண்டாம் என்று உடனே சொல்லிவிட்டேன் என்று எழுத ஆசை. இல்லை. ஃபேனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஊர் சிரிக்கும். பொது மேலாளர் காதுக்குப் போகும். 'மொதல்ல ஒங்க வீட்டுக் கதவ மூடுங்க மேடம்' என்பார்கள். எல்லாம் ஓடியது. பிறகுதான் வாய் வந்தது. "அடிக்காண்டாம். மத்த புள்ளையளுக்கு என்னவோ அதான் அவனுக்கும்."

அவன் அப்பாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "ஒனக்கென்ன கோட்டியா? பெத்த புள்ள பேர நீயே எழுதிக் குடுப்பியா?" என்று கத்தினார். நானும் கத்தினேன். ஆளுக்கொரு பக்கம் கத்தி ஓய்ந்த பிறகு, "கால்ல அடி ஒண்ணுமில்லையே?" என்று கேட்டார். இல்லை என்று சொல்லும்போது அழுதுவிட்டேன்.

ஜூலை 12, சனி

கூட்டத்துக்குப் போனேன். என் நாற்காலியில் உட்காரவில்லை. பெற்றோர்கள் உட்காரும் பெஞ்சுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். எல்லோரும் குழம்பிப்போய் எழுந்துவிட்டார்கள். தங்கப்பழம் பெயர்களை வாசித்தார். ஒவ்வொரு பெயருக்கும் ஒருவர் 'ஆமா' என்றார்கள். "அபினேஷ்" என்றார்.

"ஆமா. எம் மகன்தான்" என்றேன்.

சுப்புத்தாயும் வந்திருந்தாள், அவள் மகனும் அதே படியில் இருந்திருக்கிறான். 'எனக்குத் தெரியும்' என்று அன்றைக்கு அவளிடம்தான் அடித்துச் சொன்னேன். இப்போது திருப்பிக் கொடுப்பாள், கொடுக்கட்டும் என்று நின்றேன். அவள் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டாள். "உக்காருங்க மேடம். மொத நாளு எனக்கும் நிக்கத்தான் தோணுச்சு" என்றாள்.

உட்கார்ந்தேன். மேலப்பாளையத்துக்காரர் ஒருவர் மெதுவாக, "அப்போ இன்னைக்கு எங்கள யாரு மேடம் ஏசுவா?" என்று கேட்டார். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது, எல்லோரும் சிரித்தார்கள். ஏசாமல் பேசினோம். காலையில் சரியாகிவிட்டது, சாயந்தரம் கல்லூரி விடும்போது இன்னும் அதே கூத்துதான் என்று சுப்புத்தாய் சொன்னாள். முதல் கூட்டத்திலேயே சொல்ல வந்தாளாம், நான் மேலே பேச விடவில்லையாம். திங்கள் முதல் சாயந்தரத்துக்கும் ஒரு வண்டி கூடுதலாக விடுகிறேன்.

ஜூலை 31, வியாழன்

உத்தரவு வந்துவிட்டது! எல்லாத் தடங்களிலும் கதவு மூடும். ட்ரிப் குறையவில்லை, ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. பொது மேலாளரே போன் செய்தார். அபி விஷயம் அவர் காதுக்குப் போயிருந்தது. "கேள்விப்பட்டேன் மேடம்" என்றார். "ஆமா சார்" என்றேன். அடுத்த வாரம் பக்கத்துக் கிளைக்காரர்கள் பார்க்க வருகிறார்களாம். வரட்டும், சொல்லிக் கொடுக்கிறேன்.

அபி அன்றிலிருந்து என்னோடு சரியாகப் பேசுவதில்லை. கேட்டால் பதில், கொடுத்தால் சாப்பாடு. 12-பி-யில்தான் போகிறான், உள்ளேதான் நிற்கிறான் என்று மாசானமுத்து அண்ணாச்சி நான் கேட்காமலே சொல்கிறார். இன்று உத்தரவைச் சொன்னபோது தட்டிலிருந்து தலையைத் தூக்கினான்.

"அத்தன பேரு மின்ன, என்னயத் தெரியாத மாதிரி ஏம்மா பேரு கேட்ட? நாலு அடி அடிச்சிருந்தாக்கூட வலிச்சிருக்காது."

"ஆஸ்பத்திரில எவனோ ஒருத்தன் எங்கிட்ட வந்து ஒம் பேரு என்னன்னு கேக்குறதுக்கு மின்னால, நான் ஒங்கிட்டயே கேட்டுட்டேம்ல" என்றேன்.